நகரின் வெளிநிலம் யாருக்குரியது?

(யாழ்ப்பாண நகரத்து வாசிகசாலையொன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பூங்காக்களைப் பற்றியும் விளையாட்டிடங்களைப் பற்றியும் பேசுமாறு இவ்வாசிகசாலையின் செயலாளர் என்னைக் கேட்டபொழுது, என் நண்பர் ஒருவர் நகைத்தார். "காணிப் பறிப்பு ஒருபுறம், காணாமற் போனோரின் தாய்மார் தெருவிலே அமர்ந்திருப்பது ஒருபுறம், அரசியலமைப்பு ஒருபுறம்; இவ்வளவும் இருக்க நீர் பூச்செடியைப் பற்றியா பேசப் போகின்றீர்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆயினும், பூச்செடியைப் பற்றிப் பேச நான் இங்கு வரவில்லை. நிலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு நகரத்தில் எவருடைய பெயரிலும் உறுதி எழுதப்படாத நிலம், எல்லாருக்கும் உரிய நிலம், எவ்வளவு இருக்கின்றது? அதை யார் காக்கிறார்கள்? இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில் அது எஞ்சுமா? இவற்றையே கேட்க வந்தேன். இதுவும் காணிப் பிரச்சினைதான். ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. என்னுடைய வேலியை ஒருவன் ஒரு முழம் தள்ளிப் போட்டால் நான் நீதிமன்றம் ஏறுவேன்; பொதுவெளியின் வேலியைப் பத்து முழம் தள்ளிப் போட்டாலும் கேட்பார் இல்லை.

முதலிற் கொழும்பைப் பார்ப்போம். கொழும்பு செய்த நன்மையிலும் பிழையிலும் நாம் கற்கவேண்டியவை பல உண்டு.

காலிமுகத்திடலை அறியாதார் இங்கு எவருமிலர். பீரங்கிக் குண்டு தடையின்றிச் செல்வதற்காகக் கோட்டைக்கு முன்னே ஒல்லாந்தர் வெட்டவெளியாக வைத்திருந்த நிலம் அது. ஆங்கிலேயர் காலத்திலே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் என்பவர் அங்கே கடலோர நடைபாதையொன்றை 1856 ஆம் ஆண்டு தொடங்கி 1859 ஆம் ஆண்டு முடித்தார். முடித்தபின் ஒரு கல்லையும் நாட்டினார். கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இவ்விடத்தைப் பேணுமாறு எனக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்கின்றேன் என்பது அக்கல்லில் வெட்டப்பட்ட வாசகத்தின் பொருள். அவர் மனத்திலிருந்த பெண்களும் பிள்ளைகளும் யாரென்பது நமக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியின் மனைவியை அவர் எண்ணியிருக்கமாட்டார். ஆனாலும் அக்கல்லிலே ஒரு கருத்து இருந்தது. ஆட்சி செய்பவன் போய்விடுவான், அவனுக்குப் பின்னர் வருபவனையும் இந்நிலம் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கருத்து அது. நீண்டகாலத் திட்டம் என்று இன்று நிபுணர்கள் பெருந்தாள்களில் அச்சிடுவதன் உயிர்நாடி அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

பின் வந்தவர்கள் அக்கல்லுக்கு எவ்வளவு மதிப்பளித்தார்கள்? இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்திடலைத் தனியார் கம்பெனியொன்றிடம் ஒப்படைத்துப் பெரிய கேளிக்கை வளாகமொன்றை அமைப்பதற்கு நகர அபிவிருத்தி அதிகாரசபை ஒப்பந்தஞ் செய்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று சூழலியல் அமைப்பொன்று கேட்டது. விடை கிடைக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. 2005 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலே நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. திடல் பொதுமக்களுக்காகப் பேணப்பட வேண்டியதென்றும், அவ்வொப்பந்தம் செல்லாதென்றும், அரசாங்கம் பொதுச் சொத்தை என்ன செய்கிறது என்று கேட்டறிவது பேச்சுரிமையின் ஒரு பகுதியென்றும் தீர்த்தது. தகவலறியும் உரிமைக்கு நாட்டிலே தனிச் சட்டம் வருவதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னரே அவ்வுரிமைக்கு நீதிமன்றத்தில் வித்திட்டது ஒரு புல்வெளி வழக்கு என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2008 இல், இன்னொரு தீர்ப்பு வந்தது. பத்தரமுல்லையிலே வெள்ளநீர் தங்கும் தாழ்நிலத்தைப் பொதுத் தேவைக்கு என்று சொல்லி மக்களிடமிருந்து எடுத்தார்கள். எடுத்த நிலம் பின்னர் தனியாருடைய கோல்ப் மைதானமாயிற்று. அதிகாரம் மக்கள் சார்பிலே நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கப்படுவது, அதை மீறியோர் பதில் சொல்ல வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறி, முன்னாள் ஜனாதிபதி ஒருவரையே முப்பது இலட்சம் ரூபா செலுத்துமாறு பணித்தது. நீதிமன்றங்களின் மீது நமக்குள்ள மனக்குறைகள் பல. தமிழர் அவற்றை மறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவ்விரண்டு தீர்ப்புகளும் யாழ்ப்பாணத்திற்கும் செல்லுபடியாகும் சட்டம். கைக்கு எட்டிய ஆயுதத்தை எடுத்துப் பயன்படுத்தாமல் இருப்பது புத்தியன்று.

அந்தத் திடலுக்கு நம்மோடு வேறொரு தொடர்பும் உண்டு. 1956 ஆம் ஆண்டு யூன் 5 ஆம் நாள் சிங்களம் மட்டும் மசோதா சபைக்கு வந்த அன்று, தந்தை செல்வாவும் தோழர்களும் சத்தியாக்கிரகம் இருந்தது அப்புற்றரையில்தான். அங்கேயே அவர்கள் அடித்து விரட்டப்பட்டனர். அறுபத்தாறு ஆண்டுகள் சென்றபின், 2022 ஏப்பிரலில், சிங்கள இளைஞர்கள் அதே இடத்திற் கூடாரம் அமைத்துக் குடியிருந்து ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓடச் செய்தார்கள். அவ்வாண்டு மே 18 இல் முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்கு அங்கே விளக்கேற்றப்பட்டது, கஞ்சியும் வழங்கப்பட்டது. அதனால் இனப்பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அவ்வளவு எளிதில் ஏமாறும் பருவத்தை நாம் கடந்துவிட்டோம். அத்திடல் 2004 இல் கேளிக்கை வளாகமாகிப் போயிருந்தால் அடி வாங்கவும் இடமிருந்திராது, விளக்கேற்றவும் இடமிருந்திராது என்பதைத்தான் சொல்கிறேன். பொதுவெளி என்பது மாலையிற் காற்று வாங்குவதற்கு மாத்திரம் உரியதன்று. மக்கள் தம்மை மக்களாகக் கண்டுகொள்ளும் இடம் அது. இதனை அரசாங்கங்கள் நம்மைவிட நன்றாக அறியும்.

நம் முற்றவெளிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 1974 ஜனவரி 10 இரவு, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், வீரசிங்கம் மண்டபத்திற்கு முன்னால் வெளியிலே திரண்டிருந்த மக்கள்மீது பொலிசார் பாய்ந்ததும் உயிர்கள் போனதும் எங்கே? அவர்களின் நினைவுத்தூண்கள் நிற்பது எங்கே? இவ்வெளியின் ஓரத்தில்தான். அப்படியிருக்க முற்றவெளியை நாம் என்னவாக நடத்துகிறோம்? களியாட்ட விழாக்காரர் வந்தால் களியாட்டத்திற்கு. விற்பனைச் சந்தைக்காரர் வந்தால் சந்தைக்கு. யாருமில்லாத நாளில் வாகனம் நிறுத்துவதற்கும் குப்பை கொட்டுவதற்கும். வாடகை வருகிறது என்று சொல்வார்கள். வந்த வாடகையில் அவ்வெளியில் நட்ட மரம் எத்தனை என்று எவராவது கணக்குக் காட்டுவாராயின் நான் இக்கேள்வியை மீளப் பெற்றுக்கொள்ளத் தயார்.

கொழும்புக்கு 1921 ஆம் ஆண்டு நகரத்திட்ட அறிக்கையொன்றை எழுதிக் கொடுத்தவர் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர். உயிரியல் படித்தவர். நகரத்தையும் ஓர் உயிராகக் கண்டவர். நோயை அறியுமுன் மருந்து கொடாதே, நகரத்தை நடந்து பார்க்குமுன் கோடு கிழிக்காதே என்பது அவர் கொள்கை. கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகர் ஆக்கலாம் என்பது அவர் கனவு. அக்கனவு பாதி நிறைவேறிற்று. எந்தப் பாதி? கறுவாத்தோட்டத்துப் பாதி. அங்கே தெருவெல்லாம் நிழல். விக்ரோறியாப் பூங்கா என்று முன்னர் வழங்கிய விகாரமகாதேவிப் பூங்கா அங்கே. அகன்ற புற்றரைகள் அங்கே. வடக்கே கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, மட்டக்குளி என்று போய்ப் பாருங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களத் தொழிலாளரும் நெருங்கி வாழும் ஒழுங்கைகளிலே பிள்ளை பந்தடிப்பது முச்சக்கர வண்டிகளுக்கு நடுவே. திட்டம் இருந்தும் இந்த நிலை எப்படி வந்தது? நிலத்தின் விலை எங்கே ஏறவேண்டுமோ அங்கே பூங்கா போயிற்று; பிள்ளைகள் எங்கே மிகுதியாக இருந்தார்களோ அங்கே போகவில்லை. 1940 களின் இறுதியில் இன்னொரு ஆங்கில நிபுணர், அபர்குரொம்பி, வந்து மற்றொரு திட்டம் எழுதினார். 1978 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பிறந்தது. திட்டங்களுக்குக் குறைவில்லை. ஈர நிலங்களைக் காத்ததற்காகக் கொழும்பு 2018 இல் றாம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்றதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். வெள்ளம் வந்து அடித்தபின்தான் சதுப்பு நிலத்தின் அருமை அவர்களுக்குப் புலப்பட்டது.

கெடிசை நான் இங்கே இழுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. கொழும்புக்கு வருமுன் அவர் தமிழ்நாட்டிலே தஞ்சை, மதுரை முதலிய நகரங்களைச் சுற்றிப் பார்த்து 1915 இல் அறிக்கை எழுதியவர். அக்காலத்துச் சுகாதார உத்தியோகத்தருக்கு நகரத்துக் குளம் என்றாலே நுளம்பு. நுளம்பு என்றாலே மலேரியா. ஆகவே குளத்தை மூடு என்பது அவர்கள் சூத்திரம். இந்திய நகரங்களிலே கெடிஸ் இதனை எதிர்த்தார். குளத்தைத் தூர்க்காதே, துப்புரவாக்கு. மீனையும் வாத்தையும் விடு, நுளம்புக் குடம்பிகளை அவை தின்றுவிடும். குளம் நகரத்தின் குளிர்ச்சி, அதன் அழகு, அதன் நீர்ச் சேமிப்பு என்று வாதிட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளையருக்குப் புரிந்தது, குளத்தோடு பிறந்த நமக்குப் புரியாமற் போயிற்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்காலத்து ஆறு. நமக்கு இருப்பது சுண்ணாம்புக் கற்பாறையும் அதற்குள் தங்கும் மழைநீரும் மாத்திரமே. ஐப்பசி முதல் மார்கழி வரை வானம் தருவதைக் குளங்கள் வாங்கி மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்க, கிணறுகள் ஆண்டு முழுவதும் நமக்கு ஊட்டின. நம் முன்னோர் குளம் வெட்டியது அழகுக்காக மாத்திரமா? நல்லூர் அரசர் காலத்து யமுனா ஏரியைப் பாருங்கள். பகர வடிவிலே படிகட்டி வைத்திருக்கிறார்கள். அதன் கரையிலே இன்று ஒரு முதியவர் அமர்வதற்கு வாங்கு உண்டா? புல்லுக்குளத்தைப் பாருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் வைத்தியசாலைக்கு நோயாளியைப் பார்க்க வரும் தாய், பார்வை நேரம் வரும்வரை கடை வாசலில் வெயிலிலே நிற்கிறாள். அவளுக்கு எட்டிய தூரத்தில் ஒரு குளக்கரை, அக்கரையில் நான்கு மருதமரம், ஒரு வாங்கு, துப்புரவான ஒரு மலசலகூடம். இதைவிடப் பெரிய பூங்காத் திட்டம் எதுவும் எனக்குத் தெரியாது.

குளத்தைச் சுருக்கியதன் பலனை நாம் அனுபவித்தும்விட்டோம். 2008 கார்த்திகையில் நிசா புயலோடு வந்த மழையிலும், 2024 கார்த்திகை மழையிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, தண்ணீர் நம்மிடம் வரவில்லை. தன் பழைய வீட்டைத் தேடித்தான் வந்தது. வெள்ளவாய்க்காலின் மீது கடை, குளத்தின் கரையில் மதில், தாழ்நிலத்தில் மாடிவீடு. டெங்கு நுளம்பு குளத்திற் பிறக்கிறது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் பிறப்பது நம் முற்றத்துச் சிரட்டையிலும் பழைய ரயரிலும் கூரைப் பீலியிலுமே. மீன் வாழும் குளத்தின்மீது பழி சுமத்தி அதை மூடுவோமாயின் நோயும் இருக்கும், குளம் மாத்திரம் இராது.

ஆரியகுளத்தை 2021 இல் திருத்தி நடைபாதை அமைத்தார்கள். மாலைதோறும் அங்கே குடும்பங்கள் வருவதைக் கண்டால் நான் சொல்வதற்குச் சான்று வேறு வேண்டியதில்லை. ஆனால் திருத்திய கையோடு மதச் சின்னம் வைப்பதா, மத விழா நடத்துவதா என்ற சர்ச்சையும் கிளம்பிற்று. என் கருத்தை ஒளிக்காமற் சொல்கிறேன். பொதுப் பூங்காவில் எந்த மதத்தின் சின்னமும் வேண்டியதில்லை, நம்முடையதும் வேண்டியதில்லை. புத்தர் சிலை வைக்காதே என்று சொல்லும் வாயால் வைரவர் சூலம் நாட்டலாம் என்று சொல்வோமாயின், நமது வழக்கு அப்பொழுதே தோற்றுவிட்டது. அன்றியும், கோயில் வீதியிலும் கிணற்றடியிலும் ஒருவனை ஒதுக்கிவைத்த வரலாறு நமக்கு உண்டு. 1968 இல் மாவிட்டபுரத்திலே கதவு திறக்கச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. சாதி கேளாத நிலம் நம் ஊரில் மிகக் குறைவு. நகரசபைப் பூங்கா அவ்வாறான நிலம். அதன் வாங்கிலே யார் பக்கத்தில் யார் அமர்வது என்று எவரும் கேட்பதில்லை. அதற்காகவே அது பெருக வேண்டும்.

பழைய பூங்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. வட மாகாணத்தின் அரசாங்க அதிபராக 1829 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், 1867 இல் கோப்பாயிலே இறக்கும் வரை, ஒரு குட்டியரசன்போல் ஆண்ட டைக் துரை உண்டாக்கிய சோலை அது. கச்சேரியும் அங்கேதான். துரையின் ஆட்சியை நான் புகழவில்லை. அவர் நட்ட மரங்களைப் புகழ்கிறேன். போர்க்காலத்திலே காவலரண்களுக்காக நம் பனைகள் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டன. அந்தக் கொடுமை வேறு. ஆனால் பழைய பூங்காவில் கட்டடம் எழுப்ப வருபவர்கள் பகைவராக வருவதில்லை. எப்போதும் ஒரு நல்ல காரணத்தோடுதான் வருகிறார்கள். ஒருமுறை அலுவலகம், ஒருமுறை மண்டபம், ஒருமுறை உள்ளக விளையாட்டரங்கு. உள்ளக அரங்கு வேண்டாம் என்று எந்தப் பைத்தியக்காரன் சொல்வான்? கட்டாயம் வேண்டும். ஆனால் அரங்கை வெறும் நிலத்திலே இரண்டு ஆண்டில் எழுப்பலாம்; நூற்றாண்டு மரத்தை இரண்டு ஆண்டில் எழுப்ப எந்த ஒப்பந்தக்காரனாலும் இயலாது. பூங்கா நிலம் மலிவாகக் கிடைக்கிறது, கேட்பாரில்லை, ஆகவே அங்கே கட்டுவோம் என்பதுதான் உண்மைக் காரணம். மற்றவை யாவும் அடிக்கல் நாட்டு விழாவுக்காகச் சொல்லப்படுபவை.

இனி எவ்வளவு நிலம் வேண்டும் என்ற கணக்குக்கு வருவோம். ஆயிரம் பேருக்கு ஆறு ஏக்கர் விளையாட்டிடமும் திறந்த வெளியும் வேண்டும் என்பது இங்கிலாந்திலே நெடுங்காலம் வழங்கிய அளவுகோல். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் மாநகரசபை எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 88,000 பேர். (1981 இல் 118,000 பேர் இருந்தார்கள். குறைந்த முப்பதினாயிரம் பேர் எங்கே என்பது இன்றைய பேச்சுக்குப் பொருளன்று.) அந்த அளவுகோலின்படி நமக்கு 528 ஏக்கர் தேவை. நகரின் மொத்தப் பரப்போ இருபது சதுர கிலோமீற்றர், அதாவது ஐயாயிரம் ஏக்கர் வரை. பத்தில் ஒரு பங்கு நிலத்தை எவரும் நமக்குத் தரப்போவதில்லை. ஆகவே ஆங்கிலேயன் அளவுகோலை வைத்து அழுதுகொண்டிருப்பதில் பயனில்லை. இருப்பதைக் கணக்கெடுப்போம். குளங்கள், குளக்கரைகள், கடற்கரை, பள்ளி மைதானங்கள், கோயில் வீதிகள், தேவாலய வளவுகள், கைவிடப்பட்ட அரசாங்க வளவுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் நாம் எண்ணுவதைவிட மிகுதியாக இருக்கும்.

அளவைவிட இடமே பெரிது. சுப்பிரமணியம் பூங்கா, முற்றவெளி, துரையப்பா விளையாட்டரங்கு, பண்ணைக் கடற்கரை இவை எல்லாம் கோட்டையையும் நூலகத்தையும் சுற்றிய ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. குருநகரிலே, பாசையூரிலே, நாவாந்துறையிலே கூரையோடு கூரை முட்டும் ஒழுங்கைகளில் வாழும் கடற்றொழிலாளியின் பிள்ளைக்கு அவற்றால் என்ன பயன்? ஐந்து வயதுப் பிள்ளை அப்பாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய தெருவைக் கடவாமல் நடந்து போகும் தூரத்தில் இருப்பதுதான் அப்பிள்ளைக்குப் பூங்கா. அதற்கு அப்பால் உள்ளது சுற்றுலா. கால் மைலுக்கு ஒரு சிறு வெளி. அது இரண்டு பரப்புக் காணியாயினும் போதும். திட்டத்தின் முதற்பக்கத்தில் இவ்விதி எழுதப்பட்டால் கறுவாத்தோட்டப் பிழை நம் நகரில் நிகழாது.

விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். 1958 இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலே உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் பெற்றுத் தந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். இம்முற்றவெளிக்கு அருகிலுள்ள மத்திய கல்லூரியின் மாணவர். பாக்கு நீரிணையை 1954 இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றவர். வலைப்பந்தாட்டத்தில் ஆசியா வியந்த தர்ஜினி சிவலிங்கம் குடாநாட்டுப் பெண். வித்துக்குக் குறைவில்லை. ஆனால் பாடசாலையை விட்டு விலகிய மறுநாள் ஒரு பெண்பிள்ளை எங்கே போய்ப் பந்தெறிவாள்? ஆண்பிள்ளைக்காவது கழகம் உண்டு, தெரு உண்டு. இவளுக்கு எதுவும் இல்லை. மாலை ஆறுமணிக்கு வெளிச்சமில்லாத மைதானம், மலசலகூடமில்லாத மைதானம், வாயிலிலே வேலையற்றோர் நின்று கேலி பேசும் மைதானம், சட்டப்படி பொது மைதானமாயினும் உண்மையிலே பாதி நகரத்துக்கு மூடப்பட்ட மைதானமே. பூங்காத் திட்டத்தைத் தீட்டும் குழுவிற் பாதிப்பேர் பெண்களாயிருந்தால் விளக்குக்கம்பம் எங்கே நடவேண்டும் என்று வெளிநாட்டு நிபுணரைக் கேட்கவேண்டிய அவசியம் வராது.

பள்ளிக்கூட மைதானங்களை மாலையிலும் விடுமுறையிலும் அயலவர்க்குத் திறந்துவிடலாம். அதிபர்கள் தயங்குவார்கள், யன்னல் உடையும், குழாய் களவுபோகும் என்பார்கள். அதுவும் உண்மை. காவலாளியின் சம்பளத்தை மாநகரசபை கொடுப்பதாக எழுத்தில் உடன்படிக்கை செய்யட்டும். புதிய மைதானம் வாங்கும் செலவில் நூற்றில் ஒரு பங்கும் ஆகாது.

இத்தனையும் யார் செய்வது? இங்கேதான் அரசியல் வருகிறது. கோட்டை தொல்பொருட் திணைக்களத்தின் கையில். பழைய பூங்காவின் நடுவே மத்திய அரசாங்கத்தின் அலுவல்கள். குளம் ஒன்று சபைக்கு, இன்னொன்று கோயிலுக்கு, மற்றொன்று எவருக்கென்று எவருக்கும் தெளிவில்லை. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் காணி அதிகாரத்தை மாகாணத்துக்கு என்று எழுதியது, கையிலே கொடுக்கவில்லை. வட மாகாண சபை 2013 இல் பிறந்து 2018 இல் காலம் முடிந்தது; அதன்பின் நெடுங்காலம் தேர்தலே வைக்கப்படவில்லை. உள்ளூராட்சிச் சபைகள் 2023 மார்ச்சிலே காலாவதியாகி 2025 மே வரை உத்தியோகத்தர் கையில் இருந்தன. இருபத்தைந்து ஆண்டுத் திட்டத்தை நான்கு ஆண்டுச் சபை தீட்டுகிறது. இரண்டாண்டு சபையே இல்லை. அடுத்த சபை முன்னையோர் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற மறுக்கிறது. கொழும்பைக் குறை கூறுவது நமக்குக் கைவந்த கலை. நம்மவர் சபைகளில் நம்மவரே இருந்த காலத்தில் மூடப்பட்ட வாய்க்கால்களுக்குக் கொழும்பு பொறுப்பன்று.

அமெரிக்காவிலே மினியாப்பொலிஸ் என்று ஒரு நகரம் உண்டு. ஏரிகள் நிறைந்த நகரம். அங்கே 1883 இல் பூங்காக்களுக்கென்றே தனிச் சபையொன்றை அமைத்தார்கள். மக்கள் அதற்குத் தனியாக வாக்களிக்கிறார்கள்; அதற்கென்று தனி வரி உண்டு; நகரசபை நினைத்தால் அதன் நிலத்தைத் தொட முடியாது. அதே ஆண்டு கிளீவ்லாந்து என்ற தோட்டக்கலை அறிஞர் அவர்களுக்குச் சொன்ன புத்தி, நிலத்தின் விலை ஏறுமுன் ஏரிக்கரைகளை வாங்கிவிடுங்கள் என்பது. வாங்கினார்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சபை நிலைத்திருக்கிறது, ஏரிக்கரைகளும் நிலைத்திருக்கின்றன. நமது மாநகரசபைச் சட்டம் தனிச் சபைக்கு வழி தராமற் போகலாம். ஆனால் வட்டாரத்துக்கு ஒருவராக ஒரு நிலையான குழு அமைப்பதற்கும், ஆண்டு வரவுசெலவிலே குறிப்பிட்ட பங்கைப் பூங்காவுக்கென்று ஒதுக்கிவைக்கும் தீர்மானம் நிறைவேற்றுவதற்கும் எவரும் தடையில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். வெளிநாட்டிலுள்ள நம் உறவினர்கள் கொடுப்பார்கள். வளைவு கட்டக் கொடுப்பார்கள், நீரூற்று வைக்கக் கொடுப்பார்கள், பெயர் பொறித்த கல்லோடு. தோட்டக்காரனின் மாதச் சம்பளத்துக்குக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கட்டிய ஆண்டிலே பளபளத்து மூன்றாம் ஆண்டிலே நீரூற்றுத் தொட்டியில் நுளம்பு வளர்வதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்! நீரூற்று வேண்டாம். மாசி முதல் புரட்டாதி வரை வறண்டு கிடக்கும் மண்ணிலே சிங்கப்பூர்ப் புற்றரையும் வேண்டாம். சிங்கப்பூரிலே மழை ஆண்டு முழுவதும் பெய்கிறது. அவர்களிடம் பின்பற்ற வேண்டியது வேறு. 1963 இல் பிரதமர் கையால் ஒரு மரம் நட்டுத் தொடங்கியதை, ஆட்சியிலிருந்தவர்கள் பல பத்தாண்டுகள் விடாமற் செய்தார்கள். 1975 இல் மரங்களையும் பூங்காக்களையும் காக்கச் சட்டமே இயற்றினார்கள். நாம் நடவேண்டியவை வேம்பு, மருது, இலுப்பை, பூவரசு, கரையோரத்திலே பனை. முதல் மூன்று ஆண்டு வாளியால் தண்ணீர் ஊற்றினாற் போதும்; பின்னர் அவை நம்மைக் கேட்கமாட்டா.

இறுதியாக, இன்றிரவே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி அமர்கின்றேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் மாநகரசபையிடம் எழுத்திலே தகவல் கேட்கலாம். நகர எல்லைக்குள் உள்ள பொதுக் குளங்கள், மைதானங்கள், பூங்காக்கள் எவை. ஒவ்வொன்றுக்கும் நில அளவைப் படம் உண்டா. பழைய படத்திலே எத்தனை பரப்பு, இன்றைக்கு எத்தனை பரப்பு. எவற்றில் எவருக்குக் குத்தகை, எத்தனை ஆண்டுக்கு. இந்நான்கு கேள்விகளையும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். காகிதம் அங்கே பத்திரிகை மேசையின்மீது இருக்கிறது. ஒருவர் பெயரில் ஒன்று என்ற கணக்கிலே பிரதிகள் உண்டு. புல்லுக்குளத்தருகே வாழ்பவர் புல்லுக்குளத்தைப் பற்றியும், நாவாந்துறையிலிருந்து வந்தவர் தம் கடற்கரையைப் பற்றியும் கேட்டெழுதி ஒப்பமிட்டால் திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி வருவேன். மறுமொழி தர அவர்களுக்குப் பதினான்கு வேலைநாட்கள் உண்டு. வரும் மறுமொழிகளை இதே மேசையில் எல்லாரும் பார்க்க வைப்போம்.